கறுப்பு வெள்ளையில் உயிரு

திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் சங்கவிக்கு இளகிய மனசு என்று ஊரில் சொல்வார்கள். உண்மைதான். பாண்டுரங்கன் விஷயத்தில் மட்டும் அவளுக்கு மனசே கிடையாது.

பாண்டுரங்கன் ஹார்டுவேர் கடைக்காரர். விலை உயர்ந்த கேமரா வாங்கிய நாளிலிருந்து தன்னைக் கலைஞர் என்று நம்பிவிட்டவர். இரண்டு வருடத்துக்கு முன்னால் விழுப்புரத்தில் கேமரா சங்கம் வைத்த போட்டிக்கு அவர்தான் நடுவர். பெருமுக்கல் மலைப் பாறையில் மல்லாட்டைக் கடலையைக் காயவைக்கும் பெண்ணைச் சங்கவி எடுத்திருந்தாள். சிவப்புப் புடவை, மஞ்சள் வெயில். கல்யாணம், காதுகுத்து என்று ஊருக்காக எடுத்துச் சலித்தவள் தனக்கென்று எடுத்த முதல் படம். அவர் அதை மேலும் கீழும் பார்த்துவிட்டு மைக்கிலேயே சொன்னார்.

“கலரு கண்ண அடிக்குதும்மா. திருவிழா நோட்டீஸு மாதிரி இருக்குது. கறுப்பு வெள்ளையில எடுத்துப் பாரு, அதுலதான் உயிரு இருக்கும்.”

சங்கத்தார் சிரித்தார்கள். பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போகவேண்டியதுதானே? தன் கண்ணுக்குப் பிடிக்காததை ஊருக்கே சட்டமாக்க இவர் யார்? சங்கவி அந்தப் படத்தை அலமாரிக்குப் பின்னால் செருகினாள். அதற்குப் பிறகு தனக்கென்று ஒரு படம்கூட எடுக்கவில்லை. ஆத்திரம் மட்டும் ஆறவில்லை.

போன மாதம் அவருடைய மகன் செல்வகுமார் வந்தான். அப்பாவுக்கு மணிவிழா, பேனர் வேண்டும், அவருக்குப் பிடித்த மாதிரியே செய்துகொடுங்கள் என்றான். சங்கவிக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது.

பாண்டுரங்கனை ஜன்னலோரம் உட்காரவைத்து, சிரிக்க வேண்டாம் என்று சொல்லி எடுத்தாள். கறுப்பு வெள்ளை. பேனரில் ஒரு பூகூட இல்லை. முகத்துக்கு இந்தப் பக்கம் பிறந்த தேதி, அந்தப் பக்கம் விழா தேதி. ‘மணிவிழா’ என்பது அடியில் பொடி எழுத்தில். செல்வகுமார் போனில் பார்த்து, சூப்பர் என்று பதில் போட்டான்.

விழா அன்று விடிகாலையில் பேனர் ஏறியது. கறுப்பு வெள்ளை முகம் பேனரில் ஏறினால் என்ன அர்த்தம் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. கண்டமங்கலத்திலிருந்து சீர்த்தட்டோடு பஸ்ஸில் வந்திறங்கிய அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி கோவிந்தம்மாள், தட்டைக் கீழே போட்டுவிட்டு மாரில் அடித்துக்கொண்டு ஓடினாள். அன்றைக்குச் சிரித்த சங்கத்தார் மலர்வளையத்தோடு வந்து, பட்டு வேட்டியில் மணையில் உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்கள்.

மத்தியானம் பாண்டுரங்கன் ஸ்டுடியோவுக்கே வந்துவிட்டார். சங்கவி மரியாதையாக நாற்காலி போட்டாள்.

“படத்துல உயிரு இருக்குதுங்களா சார்?”

கத்துவார் என்று ஆசையோடு காத்திருந்தாள். அவரோ மேஜையில் இருந்த படத்தின் பிரதியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“படம் நல்லாத்தான் இருக்குது. பத்திரமா வெச்சிரு. அன்னிக்கு வேற படம் தேடிக்கினு இருக்க வேணாம்.”

அவர் வாயிலிருந்து பிடுங்க நினைத்த ‘நல்லாருக்குது’ என்ற சொல் கடைசியில் வந்தேவிட்டது, அதுவும் அவருடைய கறுப்பு வெள்ளைக்கு. சங்கவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் படி இறங்குவதற்குள் அலமாரிக்குப் பின்னாலிருந்த படத்தை இழுத்துத் துடைத்து, தெருவைப் பார்க்க வாசலில் மாட்டினாள். எதிர்ச்சாரியில் நின்று அவர் திரும்பிப் பார்த்தார். சிவப்பு அங்கே வரைக்கும் கண்ணை அடித்தது. அடிக்கட்டும் என்று விட்டாள்.