பட்டனுக்குக் கிடைத்த மரியாதை

போர்ப் படம் என்றால் செவ்வந்தியைத்தான் கூப்பிடுவார்கள். எந்த வருஷத்துச் சிப்பாய்க்கு எந்தப் பட்டன், தொப்பியில் நட்சத்திரம் எந்த உயரத்தில், காலில் சுற்றும் துணிப்பட்டை எங்கே முடிய வேண்டும் என்பதில் அவள் தப்புவிட்டதில்லை. வலங்கைமானுக்குப் பக்கத்தில், பண்ணையில் கூலிக்கு உழுத வீரையனின் மகள். சென்னைக்குப் போய் ஆடை வடிவமைப்பு படித்தவள்.

இயக்குநர் பரிதி எடுத்தது சயாம்–பர்மா ரயில்பாதைக் கதை. இரண்டாம் உலகப் போரில் அந்தப் பாதை போட, மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களை ஆயிரக்கணக்கில் ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். தோட்ட வேலைக்கு மலாயா போயிருந்த வீரையனின் அத்தையும் அப்படிப் புருஷனோடு போனவள். இரண்டு பேரும் திரும்பவில்லை. அதற்காகவே செவ்வந்தி படத்தை ஒப்புக்கொண்டாள்.

கொள்ளிடக் கரை மூங்கில் தோப்பு சயாம் காடாக மாறியது. ஜப்பான் அதிகாரிகளின் சீருடைக்கு மாதக்கணக்கில் உழைத்தாள். ஒரு பட்டனின் நிறம் சரியில்லை என்று பரிதி மொத்தத்தையும் பிரித்துத் தைக்கச் சொன்னபோது சந்தோஷமாகவே பிரித்தாள். கூலிகளின் முறை வந்தபோது அவர் கட்டுக்கட்டாகப் புது வெள்ளை வேட்டி இறக்கியிருந்தார்.

"சார், மழையிலயே கெடந்து துணியெல்லாம் மக்கிப்போய் சாக்கைக் கட்டிக்கிட்டு வேலை பாத்திருக்காங்க. தப்பிச்சு வந்தவங்களே சொல்லியிருக்காங்க. குடும்பத்தோட போனவங்களும் உண்டு. பொம்பளைங்களும் நிக்கணும்."

"பட்டன் தப்பா இருந்தா நெட்டுல வட்டம் போட்டுக் காட்டி மானத்தை வாங்கிடுவானுங்க," என்றார் பரிதி. "கூலிக்காரன் இடுப்புல என்ன இருந்துச்சுன்னு எவன் பாக்கப் போறான்?"

செவ்வந்திக்குக் காது மடல் சுட்டது. அரிசி ஆலையில் கிழிந்த சணல் சாக்குகளை வாங்கிவந்து, தையல்காரர்களை உட்காரவைத்து வெட்டித் தைத்தாள். பக்கத்து ஊர்ப் பெண்களை அழைத்துவந்தாள். அவர்களில் மலர்க்கொடி என்பவள் சாக்கைச் சுற்றிக்கொண்டு நெளிந்தாள்.

"அக்கா, உடம்பெல்லாம் அரிக்குதுக்கா."

"அரிக்கட்டும். அவங்களுக்கு அரிக்கலையா?"

சொன்ன பிறகுதான் யார்மேல் உள்ள கோபத்தை யாரிடம் காட்டினோம் என்று உறைத்தது. எல்லாச் சாக்குக்கும் உள்ளே பழைய பருத்தித் துணி வைத்துத் தைக்கச் சொன்னாள்.

மறுநாள் பெண்களைப் பார்த்ததும் பரிதி அத்தனை பேரையும் வெளியே போகச் சொன்னார். செவ்வந்தி சீருடைகள் இருந்த வேனைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

"இவங்க இல்லாம அதிகாரியும் கிடையாது சார். சட்டையில்லாம எடுத்துக்கங்க."

வெயில் உச்சிக்கு ஏறும்வரை ஒரு காட்சியும் எடுக்கவில்லை. தயாரிப்பாளர் போனில் கத்திய பிறகு பரிதி இறங்கிவந்தார். சாக்குக் கட்டிய பெண்கள் மண் சுமந்தார்கள், கேமரா ஓடியது. ஜெயித்துவிட்டோம் என்றுதான் செவ்வந்தி நினைத்தாள்.

மன்னார்குடி தியேட்டரில் அப்பாவோடு படம் பார்த்தாள். திரை நிறைய அதிகாரியின் மார்பு. பட்டனில் இருந்த கீறல்கூடத் தெரிந்தது. அவன் தோளுக்குப் பின்னால் புகைபோல ஏதோ மங்கலாக அசைந்து மறைந்தது.

"நம்ம பொம்பளைங்க எப்ப வருவாங்க?" என்று கேட்டார் வீரையன்.

"வந்துட்டுப் போயிட்டாங்கப்பா."

அவர் அதன்பிறகு திரையைப் பார்க்கவில்லை.

பட்டன்களைப் புகழ்ந்து இணையத்தில் வீடியோ மேல் வீடியோ வந்தது. ஒரு சேனல் செவ்வந்தியைப் பேட்டி கண்டது. சாக்கைப் பற்றித்தான் பேசினாள். ஒளிபரப்பில் பட்டனைப் பற்றிச் சொன்ன நாலு வரி மட்டும் வந்தது.

அன்றே, உடைச் சரிபார்ப்புக்காகத் தன் போனில் எடுத்திருந்த படங்களை இணையத்தில் போட்டாள். மலர்க்கொடியும் மற்றவர்களும் சாக்கைக் கட்டிக்கொண்டு, முகம் தெளிவாக நேரே பார்க்கிறார்கள். மேலே எழுதினாள்: 'படத்தில் இவர்களை மங்கலாக்கியது புகை இல்லை, இயக்குநர்.'

மலேசியாவிலிருந்து முன்பின் தெரியாதவர்கள் தங்கள் வீட்டில் செத்தவர்களின் பெயர்களைக் கீழே எழுதத் தொடங்கினார்கள். படங்களை நீக்கச் சொல்லி பரிதியின் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார். வர இருந்த இரண்டு பட வாய்ப்புகள் கைவிட்டுப் போயின.

இன்னும் அவள் நீக்கவில்லை. தன் அத்தையின் பெயரையும் எழுதச் சொன்னார் வீரையன். எழுதினாள்.