ஒன்றுக்கு ஒன்பது

மூடியைத் திறந்ததும் கண் எரிந்தது. எங்கள் தொழிலில் கண்ணீருக்குக் காரணம் தேட வேண்டியதில்லை. எண்பதுகளின் தொடக்கம், கல்முனைப் பக்கத்தில் ஒரு சிறிய ஆசுபத்திரியின் ஆய்வுகூடம். சதையைக் கெடாமல் வைக்கும் போர்மலினோடு சீவித்தவர்களுக்கு மேலே சொல்லத் தேவையில்லை.

ஒடுங்கிய வாய்

எல்லோருக்கும் அண்ணன் முறையான இறக்காமத்து வயல்காரர் மீராசாகிபு காக்கா சர்பத் போத்தலோடு வந்தார். மனைவியின் மார்பில் வெட்டியெடுத்த கட்டியை அதில் போட்டுக் கொழும்புக்குக் கொண்டுபோக வேண்டும். புற்றுநோயா இல்லையா என்று அங்கேதான் பார்ப்பார்கள்.

"இந்த வாய் காணாது காக்கா. உள்ளே போகக்குள்ள சதை மெது. போர்மலினில் இறுகினால் வெளியே வராது" என்றேன். அகன்ற வாய்ப் போத்தலொன்று தேடி, ஒரு பங்கு போர்மலின், ஒன்பது பங்கு தண்ணீர் என்று சொல்லிச் சொல்லிக் கலந்து, கட்டியை அதில் போட்டுக் கொடுத்தேன். போத்தலை இரண்டு கையாலும் வாங்கினார். சிரித்தார்.

"என்ட பொஞ்சாதியும் அப்பிடித்தான் தம்பி. வரக்குள்ள பஞ்சு, இப்ப கல்லு."

நல்ல தண்ணி

மறுநாள் காலை, பஸ்ஸுக்கு முன் டொக்டரின் கடிதம் வாங்க வந்தார். போத்தலில் மணமே இல்லை. விடியச் சுபஹு தொழுதுவிட்டுப் போர்மலினைக் கொட்டி, மச்சான் மக்காவிலிருந்து கொண்டுவந்த புனித ஸம்ஸம் தண்ணீரை நிரப்பியிருக்கிறார்.

அப்படியே போயிருந்தால் சதை வழியிலேயே கெட்டிருக்கும். அவர் மனைவிக்கு என்ன நோய் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது. நல்லவேளை, ஓர் இரவு போர்மலினில் கிடந்திருந்தது. புதிதாகக் கலந்து ஊற்றினேன். வழியில் மறுபடி கொட்டிவிடுவாரோ என்ற பயத்தில் ஒரு சிறு துண்டை வெட்டி, போர்மலினில் போட்டு எங்கள் அலுமாரியிலும் வைத்தேன். கொஞ்சம் ஏசியும் விட்டேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, ஒன்பது பங்கு தண்ணி எண்டு. அது நல்ல தண்ணியா இருக்கட்டுமெண்டு பாத்தன்."

என்ட சதை

மூன்று வாரத்தில் முடிவு வந்தது. புற்றுநோய் இல்லை. காக்கா கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்கச் சொன்னார். மனைவி பக்கத்தில் இருந்தார். எழும்பும்போது முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக் கேட்டார்.

"ஒரு துண்டு இஞ்ச கிடக்காம். தாங்க மகன், மண்ணுல அடக்கோணும். என்ட சதைதானே."

வெளியே இருவரும் எந்த பஸ்ஸில் போவது என்று சண்டை பிடித்துக்கொண்டு நின்றார்கள். உள்ளே, குழாயைத் திறந்து, மணம் போகும்வரை அந்தத் துண்டைக் கழுவினேன். பிறகு வெள்ளைத் துணியொன்றில் சுற்றினேன்.