டிக்கிக்குள் டார்ச்

அந்த ஒர்க்‌ஷாப்காரரை எல்லோரும் ‘டார்ச்’ என்றுதான் கூப்பிடுவார்கள். காருக்குள் எங்கே தண்ணீர் ஒழுகினாலும் கண்டுபிடிக்க அவருக்கு ஒரே வழிதான். டார்ச் விளக்கோடு உள்ளே புகுந்துகொள்வார். வெளியே நின்று அவர் மனைவி ஹோஸ் பைப்பால் தண்ணீர் அடிப்பார். பதினெட்டு வருடமாக இப்படித்தான்.

அன்று வந்தது ஒரு டீச்சரின் கார். மழை பெய்தால் டிக்கியில் குளம் கட்டிவிடுகிறதாம். வேறு இரண்டு இடத்தில் டிக்கி ரப்பரை மாற்றியும் பலனில்லையாம். கேட்டதுமே டார்ச்சுக்குக் கை பரபரத்தது. விரிப்பை உருவிப் போட்டார், தண்ணீர்த் தடம் தெரிய உள்ளெல்லாம் முகப்பவுடரைத் தூவினார், டிக்கிக்குள் சுருண்டு படுத்து, “மூடு!” என்றார்.

“கீழேருந்து மேல வரேங்க,” என்று மனைவி தண்ணீரைத் திறந்துவிட்டார். பம்பரில் ஒன்றுமில்லை. நம்பர் பிளேட்டிலும் ஒன்றுமில்லை. இடது பின்விளக்கில் தண்ணீர் பட்டதுதான் தாமதம், வெள்ளைப் பவுடரைக் கரைத்துக்கொண்டு ஒரு கோடு குடுகுடுவென்று இறங்கியது.

“மாட்டிக்கிச்சு! மாட்டிக்கிச்சு!” டிக்கியே அதிர்ந்தது. “லைட்டுக்குப் பின்னாடி வாஷரே இல்ல! எந்த மடப்பய மாட்டினான் இதை? கையில கிடைச்சான்னா தொலைச்சிடுவேன்!”

டீச்சர் டார்ச்சின் மனைவியைப் பார்த்தார். மனைவி குழாயை மூடினார்.

“போன கோடையில இந்த லைட்ட மாத்தினது நீங்கதாங்க.”

மனைவி டிக்கியைத் திறக்கக் கை வைத்தார்.

“இப்ப திறக்காத,” என்றது உள்ளேயிருந்து ஒரு சின்னக் குரல். “டீச்சர் போனப்புறம் புது வாஷரோட வா.”