ஒன்பது தாளுக்கு அடியில்

அந்தப் பெரிய கடையில் மாடிப்படிக்கு அடியில் ஒரு மேசை உண்டு. ஒருத்தி நின்றால் இன்னொருத்தி திரும்ப முடியாது, அவ்வளவுதான் இடம். இருபத்தேழு வருஷமாக அங்கே நிற்பவளைக் கடையில் எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். மேலே நாலு தளத்திலும் ஜனங்கள் எதை வாங்கினாலும், பரிசு என்று சொல்லிவிட்டால் அது இறங்கி அவளிடம்தான் வரவேண்டும். உள்ளே இருப்பது வெள்ளிக் கிண்ணமா, பிளாஸ்டிக் டப்பாவா என்று அவள் பார்ப்பதே இல்லை. இரண்டுக்கும் ஒரே மரியாதை.

தாளை வெட்டுவதற்கு முன் பெட்டியை ஒரு தரம் உருட்டிப் பார்ப்பாள், அதுதான் அளவு. மடிப்பை நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தால் இஸ்திரி போட்ட மாதிரி நிற்கும். பிறகு ரிப்பன். முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை மூன்று தரம் அளந்து, வெட்டிய நுனியை மெழுகுவர்த்தியில் லேசாகக் காட்டுவாள், நூல் பிரியாமல் இருக்க. அப்புறம் கட்டுவாள் பாருங்கள் ஒரு பூ, இரண்டு இதழும் இரண்டு வாலுமாக. அதைக் கட்டும்போது மட்டும் வாயைத் திறக்க மாட்டாள். மற்ற நேரமெல்லாம் திறந்த வாய்தான்.

"இழுத்தா ஒரே இழுப்புல அவிழணும். அவிழாத முடிச்சு போட்டவளுக்குப் பெருமை, வாங்கினவங்களுக்குக் கத்தரிக்கோல் தேடற வேலை" என்பாள். வாழ்த்துச் சீட்டை வெளியே தொங்கவிட மாட்டாள், வழியில் அறுந்து விழும். தாளுக்கு உள்ளே, மேல் மடிப்புக்கு அடியில் செருகிவிடுவாள். பிரிக்கிறவர் கண்ணில் முதலில் சீட்டு, பிறகுதான் சாமான்.

கடையின் கண்ணாடி முகப்பை அலங்கரிப்பவர் ஒருவர் இருந்தார். அவருக்குக் கண்ணாடியண்ணன் என்று பெயர் வைத்ததும் இவள்தான். பதிலுக்கு அவர் இவளை "ஏ முடிச்சவிக்கி" என்பார். முடிச்சுப் போட்டே பிழைக்கிறவளை அப்படிக் கூப்பிடுகிறோமே என்று அவருக்குத் தினமும் ஒரு சிரிப்பு.

முடிச்சு அவளுக்குக் கடையில் வந்ததல்ல. அம்மாவிடமிருந்து வந்தது. அம்மா ஓர் அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். காலையில் எட்டுப் பத்துக்குப் பஸ். அதற்குள் இரண்டு பெண்களுக்கும் பின்னல் போட்டு ரிப்பன் கட்டியாக வேண்டும். தரையில் அம்மாவுக்கு முன்னால் ஒருத்தி, தன் முறைக்குப் பக்கத்தில் காத்திருப்பவள் இன்னொருத்தி. அம்மா இடது கையில் கைக்கடிகாரம் கட்டியிருப்பாள். ரிப்பனைச் சுற்றும்போது அந்தக் கை காதோரம் வந்து போகும். டிக் டிக் என்று கேட்கும். "ஆடாத, எட்டு அஞ்சு" என்பாள். அம்மாவை நினைத்தால் அவளுக்கு முகம் வருவதற்கு முன்னால் அந்தச் சத்தம்தான் வரும். தங்கைக்கும் அப்படித்தான் என்று தங்கையே ஒருநாள் சொல்லியிருக்கிறாள்.

அம்மா போனபோது அவளுக்கு இருபத்து மூன்று, தங்கைக்குப் பதினாறு. அடுத்த வருஷமே இவள் கடையில் சேர்ந்தாள். தங்கையைப் படிக்க வைத்தாள், மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்கு அனுப்பினாள், மழை வந்தால் குடையோடு பஸ் நிறுத்தத்தில் போய் நின்றாள். தன் கல்யாணத்தைப் பற்றி யோசிக்க நேரம் கிடைத்தபோது, யோசிக்கிற ஆசை போயிருந்தது. அதைப் பற்றி அவளுக்குப் பெரிய வருத்தம் ஒன்றும் இல்லை. கேட்கிறவர்களுக்குத்தான் வருத்தம்.

அப்புறம் ஒருநாள் தலைவலி மாத்திரை வாங்கப் போன இடத்தில் மருந்துக் கடைக்காரர் பல்லெல்லாம் தெரிய, "தங்கச்சிக்குக் கல்யாணமாமே!" என்றார். இவளுக்கு அப்போதுதான் தெரியும். மாத்திரையை வாங்காமலே வீட்டுக்கு வந்தாள்.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு. வளர்த்தவளுக்கு மட்டும் தெரியல."

"உன்கிட்ட சொல்ல பயமா இருந்துச்சுக்கா. எங்க கடை ஆளுதான். ரொம்ப நல்லவர்."

"நான் என்ன பூச்சாண்டியா, என்னைப் பாத்துப் பயப்பட?"

பயந்தது எதற்கு என்று நமக்குப் புரிகிறது. அக்கா தனியாகிவிடுவாளே என்று அந்தப் பெண் பயந்திருக்கிறாள். கோபத்தில் நிற்கிறவளுக்கு அதெல்லாம் எங்கே புரியும்? சண்டை மூன்று நாள் நடந்தது. கடைசி நாள் தங்கை, "எனக்கு வேற எதுவும் வேணாம். அம்மா வாட்ச் மட்டும் குடு, எடுத்துட்டுப் போறேன்" என்றாள். அக்கா வாயில் வந்தது இது:

"உனக்குப் போய் வாட்சா? கல்லைக் கட்டிக் குடுத்தாலும் தகும்!"

சொல்லி முடித்ததுமே நாக்கைக் கடித்துக்கொண்டாள். கொட்டினால் தேளாம், கொட்டாவிட்டால் பிள்ளைப்பூச்சியாம் என்று அம்மா சொல்வாள். அன்று அவள் தேளாகிவிட்டாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் அம்மாவின் கடிகாரத்தை அதன் சிவப்பு வெல்வெட் பெட்டியோடு கடைக்கு எடுத்து வந்தாள். பெட்டியின் ஒரு மூலையில் பல் தடம் இருக்கும், தங்கை ஒரு வயதில் கடித்தது. வந்ததில் மிக நல்ல தாள் அன்று மேசையில் இருந்த நீலத் தாள்தான். கண்ணாடி முகப்பில் அடுக்கி வைக்க ஆறு பரிசுகள் அந்தத் தாளில் அப்போதுதான் கட்டி முடித்திருந்தாள். அவை பார்வைக்கு மட்டும். உள்ளே ஒன்றும் கிடையாது. மின்விசிறிக் காற்றில் சாயாமல் இருக்க, பழைய செய்தித்தாளில் சுற்றிய கூரை ஓட்டுத் துண்டு ஒன்றைப் போட்டுவிடுவார்கள், அவ்வளவுதான். மீதி இருந்த அட்டைப் பெட்டியில் வெல்வெட் பெட்டியை வைத்து, மீதி நீலத் தாளில் ஏழாவதாக அதைச் சுற்றினாள். சீட்டில் இப்படி எழுதி வழக்கம்போல் தாளுக்கு அடியில் செருகினாள்: 'சொன்னதை மனசுல வெச்சுக்காதே. இது அம்மாவோடது, இனி உன்னோடது. அக்கா.' ஏழுக்கும் ஒரே வெள்ளை ரிப்பன். ஆறைத் தட்டில் வைத்துக் கண்ணாடியண்ணனிடம் கொடுத்தாள், ஒன்றைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எது எதுவென்று தன் கைக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அவளுக்கு.

கல்யாணம் நன்றாக நடந்தது. பரிசைத் தங்கை கையிலேயே கொடுத்தாள். ஒரு வாரம் பொறுத்துப் போன் செய்தாள்.

"பரிசு பிரிச்சியா?"

"பிரிச்சேன். அதப் பத்தி இனிமே பேசாத." போனை வைத்துவிட்டாள்.

நான் எழுதி மன்னிப்புக் கேட்டாயிற்று, அம்மா கடிகாரத்தையும் கொடுத்தாயிற்று, இன்னும் என்ன செய்யச் சொல்கிறாள் என்று இவளுக்கு மனசு கொதித்தது. இருக்கட்டும், அவளாக வரட்டும் என்று இருந்தாள். அங்கே அவளும் அதையேதான் நினைத்தாள் போலிருக்கிறது. தங்கைக்கு இரண்டு பெண்கள் பிறந்தது மூன்றாம் மனுஷர் வாயால் தெரிந்தது. யார் வீட்டுச் சாவிலாவது பார்த்துக்கொண்டால் "சாப்பிட்டியா?" "ம்" என்பதோடு சரி. இப்படியே பதினாறு வருஷம் ஓடியது. ஒரு பஸ் பயணம் மூன்று மணி நேரம்தான்.

கடையில் அந்த ஆறு நீலப் பரிசுகளும் வேலையை விட்டுப் போகவில்லை. சீசன் முடிந்தால் பரண், சீசன் வந்தால் முகப்பு. இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் தாள் வெளுத்துவிடும். பழைய தாளைக் கிழித்துக்கொண்டிருக்க யாருக்கு நேரம்? ரிப்பனை மட்டும் உருவிவிட்டு, மேலேயே புதுத் தாளைச் சுற்றிவிடுவாள். புது ரிப்பன், புதுப் பூ. ஒவ்வொரு தரமும் பெட்டி கொஞ்சம் பெருக்கும். "நம்மள மாதிரியே இதுங்களும் ஊதுது பாத்தியா" என்பார் கண்ணாடியண்ணன்.

போன மாதம் பரணில் கரையான் வந்தது. எல்லாவற்றையும் கீழே இறக்கி, ஓட்டுத் துண்டுகளைத் தனியாக, குப்பையைத் தனியாகப் போடச் சொன்னார் மேனேஜர். அவள் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு பெட்டியாக அடிப்பக்கத்தைக் கிழித்து, ஓட்டுத் துண்டைத் தகர வாளியில் எறிந்தாள். டங். அடுத்தது. டங். ஐந்தாவது பெட்டியில் கையை விட்டபோது ஓடு தட்டுப்படவில்லை. மெத்தென்று ஏதோ இருந்தது. குனிந்து பார்த்தாள். சிவப்பு வெல்வெட். மூலையில் பல் தடம்.

முதலில் வந்தது சந்தோஷம்தான், தொலைந்தது கிடைத்த சந்தோஷம். தொலைந்ததே தெரியாதே என்பது அடுத்த நொடியில்தான் உறைத்தது. இது இங்கே இருக்கிறது என்றால், அன்றைக்குத் தங்கை கையில் கொடுத்தது எது?

வாளியில் கிடந்த ஓடுகளைப் பார்த்தாள். கல்லைக் கட்டிக் குடுத்தாலும் தகும். சொன்னபடியே கட்டிக் கொடுத்திருக்கிறாள், அதுவும் பூ வைத்து.

கண்ணாடியண்ணன் பதறிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பதினாறு வருஷமாக அதே பெட்டியை மடியில் வைத்து, தாள் சுற்றி, ரிப்பன் கட்டி, அழகு பார்த்து முகப்பில் வைத்தது தன் கைதான் என்பதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. தெரியும் என்று நம்பிய கை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். பெட்டியை அவள் மேலே பிரிக்கவில்லை. கிழித்த அடிப்பக்கத்தை டேப் போட்டு ஒட்டி, புதுசாக ஒரு வெள்ளை ரிப்பன் மட்டும் கட்டி எடுத்துக்கொண்டாள்.

கதவைத் திறந்த தங்கைக்கு முன்நெற்றியில் நரை விழுந்திருந்தது. வா என்றாள். சமையலறை மேசையில் டீ வைத்தாள். வீட்டுக்காரர் கடைக்கும் பெண்கள் பள்ளிக்கும் போயிருந்தார்கள். எப்படி ஆரம்பிப்பது என்று வழியெல்லாம் யோசித்து வந்தவள் டீயைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். டீயைக் குடிக்கக் குனிந்தபோது, மேசையின் ஒரு காலுக்குக் கீழே முட்டுக் கொடுத்திருந்த ஓட்டுத் துண்டு கண்ணில் பட்டது.

"என்ன பாக்கற? உன் பரிசுதான்" என்றாள் தங்கை. "வீணாக்கல. மேசை ஆடிட்டே இருந்துச்சு, வெச்சேன்."

"எல்லாரும் இருக்கும்போதா பிரிச்ச?"

"மாமியார், நாத்தனார், எல்லாரும். எங்கக்கா கட்டறதப் பாருங்க, கடையில அவ கைக்குன்னே ஆள் வருவாங்கன்னு பெருமையா பிரிச்சேன்." தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "வெளாட்டுக்கு வெச்சிருப்பான்னு இவருதான் சிரிச்சுச் சமாளிச்சார்."

அக்கா பையிலிருந்து பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தாள். முகப்பு, ஓடு, தட்டு, பை எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கியது. தங்கை நம்பினாளா இல்லையா என்று தெரியவில்லை. ரிப்பனின் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தாள். ஒரே இழுப்பில் அவிழ்ந்தது.

மேல் தாள் தங்க நிறம். கிழிக்காமல் டேப்பை நகத்தால் கிளப்பிப் பிரித்தாள். அடியில் பச்சை.

"இது எப்போ?"

"கண்ணாடியண்ணனுக்குக் கண் ஆபரேஷன் நடந்தப்போ."

"சின்னவ அப்போதான் ஸ்கூல் சேர்ந்தா. ஒரு வாரம் அழுதா."

இன்னும் இரண்டு தாளைப் பிரித்தாள். பிறகு வெள்ளிப் புள்ளி வைத்த கறுப்பு.

"கடையில லிஃப்ட் வெச்ச வருஷம். எனக்கு மஞ்சக்காமாலை வந்துச்சு, நாப்பது நாள் படுத்திருந்தேன்."

"யாரு பாத்துக்கிட்டா?"

"யாரு பாத்துக்குவா?"

தங்கை கை நின்றது. கறுப்புத் தாளை மடித்து, மடியிலேயே வைத்துக்கொண்டாள். அதற்கடியில் இன்னொன்று. அப்புறம் சிவப்பு, பெரியவள் பிறந்த வருஷம். பிரசவ வார்டில் எல்லாப் பெண்களுக்கும் துணைக்கு யாரோ இருந்தார்கள் என்றாள் தங்கை. சிவப்புக்கு அடியிலும் ஒரு தாள் இருந்தது. ஒன்பதாவதாக நீலம் வந்தது. வெயில் பட்ட பக்கம் வெளுத்திருந்தாலும், மடிப்புக்கு உள்ளே வாங்கிய அன்றைக்கு இருந்த நீலமாகவே இருந்தது. மேல் மடிப்பைத் தூக்கியதும் சீட்டு.

தங்கை அதைப் படித்தாள். திரும்பவும் படித்தாள்.

"மனசுல வெச்சுக்காதேன்னு எழுதியிருக்க." சீட்டை அக்கா பக்கம் திருப்பினாள். "வெச்சுக்கிட்டேனேக்கா. பதினாறு வருஷம் வெச்சுக்கிட்டேனே."

"எழுதினா போதும்னு இருந்துட்டேன். வந்து வாயால கேட்டிருக்கணும். என் தப்புதான்டி."

"ஏன் கல்லு குடுத்தேன்னு நானாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

இரண்டு பேரும் அழுதார்கள். அதை மறைக்க ஒன்றும் இல்லை, நன்றாகவே அழுதார்கள். அழுதுகொண்டே அக்கா குனிந்து அந்த ஓட்டுத் துண்டை உருவப் போனாள். "அது இருக்கட்டும், எடுத்தா மேசை ஆடும்" என்றாள் தங்கை. அழுகை அப்படியே சிரிப்பாகிவிட்டது.

கடிகாரத்துக்குத் தங்கைதான் சாவி கொடுத்தாள். இருபது திருகு. ஒன்றும் நடக்கவில்லை. கையில் வைத்து லேசாக உதறினாள். வினாடி முள் ஒரு தரம் தயங்கிவிட்டு நகர ஆரம்பித்தது. அதைத் தன் கையில் கட்டிக்கொள்வாள் என்று அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அக்காவின் இடது கையை இழுத்து அதில் கட்டினாள். பிறகு அவிழ்த்த வெள்ளை ரிப்பனை எடுத்து நீட்டிவிட்டு, தரையில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"பொண்ணுங்க வந்து பாத்தா சிரிக்கப் போகுதுங்க" என்றாள் அக்கா.

"சிரிக்கட்டும். நீ கட்டு."

அக்கா நாற்காலியின் நுனிக்கு வந்து, நரையும் கறுப்புமான அந்த முடியை மூன்றாகப் பிரித்துப் பின்னினாள். ரிப்பனைச் சுற்றும்போது இடது கையைக் காதோரமாகவே கொண்டுபோனாள்.

"கேக்குதா?"

"கேக்குதுக்கா. மெதுவாவே கட்டு."