நான் அடித்து அனுப்பிய காக்கை

டப்பா கம்பெனியில் மதியச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் விடுவார்கள். அந்த அரை மணியில் கதை சொல்லுகிறவள் நான். மூடிப் பிரிவில் எட்டாவது வரை படித்தவள் நான் ஒருத்திதான். அந்தப் பெருமைதான் என்னைக் கவிழ்த்தது. என்னிடம் அட்டை கிழிந்த புத்தகம் ஒன்று இருந்தது. சமஸ்கிருதத்தில் எந்தக் காலத்திலோ எழுதின மிருகக் கதைகள், தமிழில். சிங்கத்தையும் எருதையும் பிரித்த நரி, குரங்கோடு சிநேகம் பிடித்துவிட்டு அதன் ஈரலுக்கே ஆசைப்பட்ட முதலை எல்லாம் அதில் உண்டு. யாரை நம்பலாம், யாரை நம்பக்கூடாது என்று பக்கம் பக்கமாகப் போட்டிருந்தது. எனக்கு அத்தனையும் மனப்பாடம்.

பக்கத்து ஸ்டூலில் என் சிநேகிதி. ராயபுரத்தில் ஒரே தெரு, ஒரே மாதா கோயில், திருவொற்றியூருக்கு ஒரே பஸ். துறைமுகத்தில் மூட்டை சரிந்து என் வீட்டுக்காரர் இடுப்பு ஒடிந்து கிடந்தபோது, ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு மூன்று நாள் உட்கார்ந்திருந்தவள் அவள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில் மட்டுந்தான்.

எழுபதுகளின் தொடக்கத்தில் பம்பாயிலிருந்து மூடி போடும் மெஷின் ஒன்று வந்து இறங்கியது. எங்களில் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பப்போகிறார்கள் என்று பேச்சு. யார் யார் என்ற லிஸ்டு, ஆஜர் கணக்கு எழுதும் டைம் ஆபீசில், சூப்பர்வைசர் கையில் தயாராகிறது என்றார்கள். அதை ஒட்டுவதற்கு முன்னால் தெரிந்துகொண்டால், எல்லோருமாகச் சேர்ந்து லேபர் ஆபீசருக்கு மனு கொடுக்கலாம். ஒட்டின பிறகு கொடுத்துப் பிரயோஜனமில்லை.

அந்தப் பேச்சு வந்த அன்று மதியம் காக்கை, ஆந்தை கதையைச் சொன்னேன். ஆந்தைகளோடு சண்டையில் தோற்ற காக்கைகளில் கிழக் காக்கை ஒன்று, தன் கூட்டமே தன்னைக் கொத்தி விரட்டியதுபோல ரத்தக்காயத்தோடு மரத்தடியில் கிடக்கும். ஆந்தைகள் பாவம் பார்த்துத் தங்கள் குகைக்குள் சேர்த்துக்கொள்ளும். கறி போட்டு வளர்க்கும். “இதை நம்பாதே” என்று ஒரே ஓர் ஆந்தை சொல்லும். அதன் பேச்சு எடுபடாது. காக்கை உளவெல்லாம் பார்த்து முடித்து, ஆந்தைக் குகைக்குத் தீ வைத்துவிட்டுத் தன் கூட்டத்துக்குத் திரும்பும்.

பஸ்ஸில் போகும்போது என் சிநேகிதி சொன்னாள்: “நான் அந்தக் காக்கா ஆவுறேன்மே. கேட்டாண்ட எல்லாரும் பாக்க என்னை அடி. நான் அழுதுகினு சூப்பர்வைசராண்ட போறேன். இவ நம்மாளுன்னு உள்ள சேத்துக்குவான்.”

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் கதையை ஒருத்தி நடத்திக் காட்டப்போகிறாள். நானே ராஜா, நானே மந்திரி என்ற நினைப்பு. யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று நானே சத்தியம் வாங்கினேன். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

சனிக்கிழமை சங்கு ஊதியதும் கேட்டருகே அவளை மறித்தேன். “இங்க பேசறத அங்க போயி சொல்றியாமே?” என்று கத்திக்கொண்டு கை ஓங்கினேன். “மெதுவா அட்ச்சா நம்ப மாட்டானுங்க” என்று முன்பே சொல்லி வைத்திருந்தாள். கன்னத்தில் ஓங்கி விட்டேன். தடுத்த அவள் கையில் வளையல் உடைந்து ரத்தம் வந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து விலக்கினார். என்னைப் பேய் பிடித்தவள் என்று மற்றவர்கள் திட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்.

அடுத்த வாரம் டைம் ஆபீசில் ஃபேனுக்குக் கீழே அவளுக்கு ஸ்டூல் போட்டார்கள். முதல் ஞாயிறு பூசை முடிந்து கோயில் பின்சுவரருகே வந்து, லிஸ்டு இன்னும் எழுதவில்லை என்றாள். இரண்டாவது ஞாயிறு, “உன் பேரு இல்லமே. நம்ம ஆளுங்க யார் பேரும் இல்ல. மனு கினுன்னு கெளம்பி நீயே கெடுத்துக்காத” என்றாள். நானும் போய் நம்பகமான இடத்துச் செய்தி என்று சொல்லி, மனு எழுதக் கிளம்பினவர்களை நிறுத்தினேன். மூன்றாவது ஞாயிறு அவள் முதல் வரிசையில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமலே போய்விட்டாள்.

திங்கட்கிழமை லிஸ்டு ஒட்டினார்கள். நான் நிறுத்தி வைத்தவர்கள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். என் பேர் இல்லை. அதுவரை அவள் சொன்னது நிஜம். எனக்குத் தனியாக ஒரு சார்ஜ் ஷீட் வந்தது: கேட்டருகே சக தொழிலாளியை அடித்து ரத்தக்காயம் உண்டாக்கியது.

விசாரணையில் அவளும் வந்து நின்றாள்.

“இவங்க உன்னை அடிச்சாங்களா?” என்று விசாரணை நடத்தியவர் அவளைக் கேட்டார்.

“அட்ச்சாங்க சார்.”

அவள் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அது நாடகம், நாங்கள் இரண்டு பேரும் பேசிவைத்துச் செய்தது, கதையில் வரும் காக்கை போல என்று நான் சொன்னேன். எழுதிக்கொண்டிருந்த கிளார்க் பேனாவை வைத்துவிட்டுச் சிரித்தார். உண்மைக்கு இருந்த ஒரே சாட்சி அவள்தான். அவள் உடைந்த வளையலுக்குப் பதில் போட்டிருந்த புது வளையலைத் திருப்பிக்கொண்டிருந்தாள். அன்றைக்கே என் வேலை போனது.

வெளியே கேட்டருகே அவளைப் பிடித்தேன். “ஏன்மே இப்படிச் செஞ்ச? என் வூட்டு நெலம உனக்குத் தெரியாதா?” என்றேன்.

“உள்ள போயி பாத்தா லிஸ்டுல மொத பேரே என்னுதுமே” என்றாள். “உன் பேர அட்ச்சிடுறேன், நான் சொல்றத செய்யின்னான் சூப்பர்வைசரு. செஞ்சேன். எனக்கும் புள்ளைங்க கீதுங்க.” போகத் திரும்பினவள், “ஆந்தைங்க கறி போட்டுச்சின்னு சொன்னியே, அப்பால அந்தக் காக்கா ஏன் திரும்பி வரணும்? அத நீ சொல்லவேயில்ல” என்றாள்.

கை தானாக ஓங்கியது. வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருந்தார். இறக்கிக்கொண்டேன்.

வாழ்நாளில் நான் ஒரே ஒருத்தியைத்தான் அடித்திருக்கிறேன். அதுவும் அவள் கேட்டுக்கொண்டதால்.