வெள்ளிக்குத்தான் மரியாதை

என் பெயரைக் காரிலிருந்து எடுக்க என் முன்னாள் முதலாளி ஒரு ஹேர் டிரையரைப் பயன்படுத்தினார். ஜெலாப்பாங் தொழிற்பேட்டையில் இருந்த எங்கள் பட்டறையில், பந்தயக் காரின் பக்கக் கண்ணாடியில் என் பெயரும் நாட்டுக் கொடியும் ஒட்டப்பட்டிருந்தன. அந்த ஸ்டிக்கரை நன்றாகச் சூடாக்கி, ஓரத்தை நகத்தால் கிளப்பி, கண்ணாடியில் கீறல் விழாமல் கொஞ்சம் கொஞ்சமாக உரித்தார். மெக்கானிக் யாரிடமாவது சொல்லியிருக்கலாம். தாமே செய்தார். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். உரித்ததை உருட்டிக் குப்பைக்கூடையில் எறிந்துவிட்டு, "கோவிச்சிக்காத தம்பி, ரூல் அப்படி இருக்கு, நான் என்னா செய்யிறது?" என்றார். அந்தக் கண்ணாடியிடம் காட்டிய அக்கறையில் பாதியை என்னிடம் காட்டியிருந்தால் இன்று இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

இப்போது அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லாரும், தோட்டத்துப் பிள்ளைகளைக் கைதூக்கி விட்டவர் என்கிறார்கள். தூக்கி விட்டது உண்மைதான். அவரும் நானும் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள். அவருடைய அப்பா அங்கே கிராணி, ஆபீஸில் உட்கார்ந்து பெயர் போடுகிறவர். என் அப்பா ரப்பர் பால் ஏற்றும் லோரி ஓட்டினார். தோட்டம் விற்கப்பட்டு வீடுகளாக மாறிய பிறகு முதலாளி ஈப்போவில் லோரி உதிரிப்பாகங்கள் விற்றுப் பெரிய ஆளாகி, பந்தய அணி ஒன்றையும் வைத்துக்கொண்டார். நான் அவருடைய பட்டறையில் என்ஜின் பிரித்து மாட்டிக்கொண்டிருந்தேன். பழுது பார்த்த கார்களை ஓட்டிப் பார்ப்பதும் என் வேலை. ஒருநாள் நான் ஓட்டியதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். அடுத்த வாரம் பந்தய உடைக்கு அளவெடுக்க ஆளை அனுப்பினார். அன்றிலிருந்து பல ஆண்டுகள் அவரை வாய் நிறைய அண்ணே என்று கூப்பிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு வராமல் கார் ஓட்டப் போகிறேனே என்று அம்மா கண்ணைக் கசக்கியபோதெல்லாம், அண்ணன் பார்த்துக்குவாரு என்று சமாதானம் சொன்னேன்.

நாங்கள் ஓட்டியது நெடுநேரப் பந்தயம். ஒரே காரை இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஆசியாவில் அந்த வகைக்கு எங்கள் தொடர்தான் உச்சம். நான் நுழைந்த காலத்தில் கார் கம்பெனிகளே பணம் போட்டு அணிகளை நடத்தின. வேகமாக ஓட்டுகிறவனைத் தேடிப் பிடித்துச் சம்பளம் கொடுத்தார்கள். பிறகு டயர், எரிபொருள், கார்களைக் கப்பலேற்றும் கூலி என்று ஒவ்வொன்றும் ஏறியது. கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. பந்தயம் செத்துப்போகாமல் காப்பாற்றப் பந்தயச் சங்கம் ஒரு வழி கண்டுபிடித்தது. ஓட்டுநர்களைத் தங்கம், வெள்ளி, வெண்கலம் என்று தரம் பிரித்தார்கள். என்னை வெள்ளியில் போட்டார்கள். வெண்கலம் என்றால் பணக்கார விருப்ப ஓட்டுநர். தொழில் வேறு, கார் ஓட்டுவது ஆசைக்கு. ஒவ்வொரு காரிலும் ஒரு வெண்கலம் கட்டாயம் இருக்க வேண்டும். கார் ஓடும் செலவை அவர் ஏற்பார். அவருக்கு ஜோடியாக வெள்ளி வரை சேர்த்துக்கொள்ளலாம். தங்கத்தை, அதாவது முதல்தரத் தொழில்முறை ஓட்டுநரைச் சேர்க்கக் கூடாது. சேர்த்தால் அது நியாயமில்லாத போட்டியாம்.

பணக்காரர்கள் இல்லையென்றால் பந்தயமே இல்லை என்பதை நான் மறுக்கவில்லை. என் ஜோடியாக வந்த டைல்ஸ் வியாபாரி நல்ல மனிதர். தன் பணத்தில் எனக்கும் சேர்த்துத்தான் டயர் தேய்கிறது என்பதை ஒருமுறைகூடச் சொல்லிக்காட்டியதில்லை. எனக்கு எரிச்சல் அந்த விதியின் இன்னொரு முனையில் இருந்தது. தங்கம் போல ஓட்டுகிற வெள்ளிதான் எல்லா அணிக்கும் வேண்டும். அப்படிப்பட்டவன் பந்தயத்தில் ஜெயித்துக்கொண்டே இருந்தால் சங்கம் அவனைத் தங்கம் என்று ஏற்றிவிடும். ஏறிய மறுநாள் அவனைக் கூப்பிட ஆளிருக்காது. ஆகவே ஜெயிக்கவும் வேண்டும், ரொம்ப நன்றாக ஓட்டுகிறான் என்று யாரும் கண்டுபிடிக்கவும் கூடாது. முதலாளி இதை என்னிடம் மறைக்கவில்லை. "ஒரு சுத்துக்கு ஒரு செகண்டு விட்டுக்குடு. சம்பளம் அதே சம்பளந்தானே, ஒனக்கென்னா சுசா?" என்பார். கஷ்டம் என்பதற்கு அவர் எப்போதும் அந்த மலாய் வார்த்தையைத்தான் சொல்வார். எனக்கு அது கஷ்டமாகத்தான் இருந்தது. வளைவுக்கு முன்னால், கால் போக வேண்டிய நேரத்துக்கு முன்பே பிரேக்கை மிதிப்பது எச்சிலைக் கூட்டி விழுங்குவது போல இருந்தது.

அந்தப் பருவத்தின் கடைசிப் பந்தயத்தில் மழை பிடித்துக்கொண்டது. டைல்ஸ் வியாபாரி காரை என்னிடம் ஒப்படைத்தபோது நாங்கள் பின்வரிசையில் இருந்தோம். அவர் தண்ணீர் தேங்கிய தளத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டிவிட்டு வந்திருந்தார். "ஒரு கோப்பையாச்சும் வேணும்பா, என் பிள்ளைங்க மேல உக்காந்து பாக்குதுங்க" என்றார். நான் ஓட்டினேன். மழையில் எனக்கு எப்போதும் பயம் வந்ததில்லை. தோட்டத்துச் செம்மண் சாலையில் கற்றுக்கொண்டவனுக்கு வழுக்கல் புதிதல்ல. ஒவ்வொரு காராகத் தாண்டினேன். காதில் முதலாளியின் குரல் வந்துகொண்டே இருந்தது. முதலில், "நல்லாருக்கு லா." பிறகு, "போதும் தம்பி, மூணாவது எடம் போதும்." கடைசியில் கத்தினார்: "சொல்றது கேக்குதா இல்லியா? விடு!" கேட்டது. விடவில்லை. முதலாவதாக வந்தோம். மேடையில் டைல்ஸ் வியாபாரி குழந்தையைப் போல அழுதார். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்தார். படங்களில் சிரித்த முகமாகத்தான் இருக்கிறார். கட்டிப்பிடித்தபடி என் காதில் சொன்னது, "ஒன் தலையில நீயே மண்ண அள்ளிப் போட்டுக்கிட்டல்ல?"

புதிய தரவரிசை வந்தது. நான் தங்கம். மனைவி அதைக் கேட்டுவிட்டுப் பாயசம் வைக்கட்டுமா என்று கேட்டாள்.  அந்த வாரத்திலேயே ஜெலாப்பாங் பட்டறையில் என் பெயர் உரிந்தது.

வேலை போனதற்காக மட்டும் அவரை இத்தனை ஆண்டுகள் வெறுத்திருக்க மாட்டேன். தரம் மாறினால் ஆள் மாறுவதும் இந்தத் தொழிலில் நடப்பதுதான். ஆனால் டைல்ஸ் வியாபாரி விடவில்லை. என்னை ஏன் அனுப்பினீர்கள், தரத்தை எதிர்த்துச் சங்கத்தில் முறையிடலாமே என்று குடைந்திருக்கிறார். முறையீட்டுக்கு வக்கீல், அலைச்சல், நேரம் எல்லாம் வேண்டும். அதைவிட மலிவான ஒன்று முதலாளிக்குக் கிடைத்தது. எனக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதை அவர் கோபமாகச் சொல்லவில்லை. சோகமாகச் சொன்னார். "நம்ம பையன், குடும்பம் மாதிரி, வெளிய சொல்லக்கூடாதுன்னு பாத்தேன்" என்று குரலைத் தாழ்த்தி ஒவ்வொருவரிடமாகச் சொன்னார். பொய்யைக் கோபத்தோடு சொல்லியிருந்தால் யாராவது சந்தேகப்பட்டிருப்பார்கள். அவர் கண்கலங்கிச் சொன்னதால் எல்லாரும் நம்பினார்கள்.

எனக்கு அது கடைசியாகத்தான் தெரிந்தது. தரக் கட்டுப்பாடு இல்லாத சிறிய பந்தயங்களில் ஓட்டிக்கொள்ளலாம் என்று அணி அணியாக ஏறி இறங்கினேன். எல்லாரும் மரியாதையாக உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள். ஒருவரும் சாவியைக் கொடுக்கவில்லை. ஓர் அணியின் மேலாளர்தான் வாசல் வரை வந்து, என் தோளைத் தொட்டு, "கண்ணுக்கு இப்ப பரவால்லியா அண்ணே?" என்று கேட்டார். அப்போதுதான் விளங்கியது. ஈப்போவில் கண் மருத்துவரிடம் போய்ப் பார்வையில் குறையே இல்லை என்று சான்று வாங்கினேன். அதை எடுத்துக்கொண்டு போய்க் காட்டியபோது முகங்கள் இன்னும் மாறின. ஒரு குறையும் இல்லாதவன் எதற்குச் சான்றோடு அலைகிறான் என்று நினைத்திருப்பார்கள். சட்டைப்பையில் அதைத் திரும்ப மடித்து வைத்த அந்தக் கணங்களுக்காகத்தான் அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை.

பிழைப்புக்கு ஹுத்தான் மெலிந்தாங் போனேன். அங்கே செம்பனை எண்ணெய் டாங்கி லோரி ஓட்டுகிறவர்களுக்குப் பாதுகாப்பாக ஓட்டப் பயிற்சி கொடுக்கும் வேலை. மீன் காயும் வாடை வீசும் ஒரு பெரிய மைதானத்தில், ஈரத் தரையில் லோரி சறுக்கினால் என்ன செய்வது என்று காலை முழுவதும் காட்டுவேன். மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்தயம் நடக்கும் ஞாயிறுகளில் வீட்டில் தொலைக்காட்சியை யாரும் போட மாட்டார்கள். நான் தடுத்ததில்லை. அவர்களே போட மாட்டார்கள்.

எனக்கு ஐம்பது வயது ஆன சில நாட்களில் முதலாளி அந்த மைதானத்துக்கே வந்தார். வெள்ளைச் சட்டை, நரைக்குச் சாயம், கையில் வலைப்பையில் கட்டிய இரண்டு தம்பூன் ஊர்ப் பம்பளிமாசு. பழங்களை என் மேசைமேல் வைத்துவிட்டு, ஏதோ நேற்றுத்தான் பிரிந்தவர் போல, "ஒடம்ப நல்லா வச்சிருக்கியே தம்பி" என்றார்.

"இருக்கேண்ணே. என்னா விசயம்?"

"ஒனக்குத் தெரியாதா? புது ரூல் லா. அம்பது ஆனவங்கள ஒரு படி கீழ எறக்குறாங்க. நீ மறுபடியும் வெள்ளி! வா, பழைய மாதிரி ஓட்டலாம்."

எனக்குத் தெரியாது. உடம்பு முழுக்க ஒரு சூடு ஓடியது. ஆசைதான், வேறென்ன. அவர் முன்னால் அதைக் காட்டிவிடக் கூடாதே என்று வெளியே லோரியைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் பார்த்தபடி, "எனக்குத்தான் கண்ணு போயிருச்சேண்ணே" என்றேன்.

அவர் சிரித்தார். "அது அப்ப பேசுனது. பிசினஸ்ல அப்படித்தான் பேச வேண்டியிருக்கும். மனசுல வச்சிக்காத."

"சரி. யாரு யாருகிட்ட சொன்னீங்களோ, அவங்ககிட்ட எல்லாம் அது பொய்யின்னு சொல்லிட்டு வாங்க. நான் நாளைக்கே வாரேன்."

"அது எப்படி லா? என் பேரு என்னாவுறது?"

அந்தக் கேள்வியை அவர் மனதாரக் கேட்டார். நான் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கக்கூடும் என்ற யோசனைகூட அவர் முகத்தில் வரவில்லை. கிராணி வீட்டுப் பிள்ளைக்குப் பெயர் உண்டு, லோரிக்காரன் பிள்ளைக்குக் கண் மட்டும்தான், அதையும் வேண்டும்போது எடுத்துவிட்டு வேண்டும்போது திருப்பிக் கொடுக்கலாம் என்பது அவர் உடம்போடு ஊறியிருந்தது. "அப்ப நீங்க போலாம்ணே" என்றேன். அண்ணே என்று அவரை நான் அழைத்தது அதுதான் கடைசி. பழங்களை வாசல் காவலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

வீட்டில் சொன்னதும் மனைவி, "அந்தாளுகிட்ட போனா நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிருவேன்" என்றாள். பிறகு கொஞ்சநேரம் கழித்து, "வேற யாருக்கும் வெள்ளி வேணாமா?" என்று கேட்டாள். அவள் கேட்கும்வரை எனக்கு அது தோன்றவில்லை. காம்பாரில் தண்ணீர்ப் பம்பு தொழிற்சாலை நடத்தும் சீனப் பெண்மணி ஒருவர் இருந்தார். வெண்கல ஓட்டுநர், தன் சொந்த அணியில் தானே பணம் போட்டுத் தானே ஓட்டுகிறவர். மறுநாளே அழைத்தேன். வரச் சொன்னார்.

அவரும் கண் கதையைக் கேட்டிருந்தார். ஆனால் மற்றவர்களைப் போல என்னை உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கவில்லை. நேராகத் தொழிற்சாலை வாசலுக்கு அழைத்துப்போய், பெரிய சாலைக்கு அப்பால் இருந்த டயர்க் கடையின் பலகையைக் காட்டி, "போலே பாச்சா?" என்றார். வாசிக்க முடியுமா என்று மலாயில் கேட்கிறார். கடையின் பெயரை வாசித்தேன். அதற்குக் கீழே இருந்த முகவரியை வாசித்தேன். அடியில் சின்ன எழுத்தில், தீபாவளிக்கு மட்டும் விடுமுறை என்று இருந்ததையும் வாசித்தேன். அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார், பிறகு தன் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார், பிறகு வாய்விட்டுச் சிரித்தார். "மெதுவாக ஓட்டச் சொல்வீர்களா?" என்று கேட்டேன். "மெதுவாக ஓட்டத்தான் நான் இருக்கிறேனே" என்றார்.

இந்தப் பருவத்தின் முதல் பந்தயத்தில் நாலாவதாக வந்தோம். கோப்பை இல்லை. முதலாளியின் கார் எங்களுக்குப் பின்னால் ஆறாவது. அவர் ஒரு புது வெள்ளியைப் பிடித்திருந்தார். நல்ல பையன், எங்கே விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள் என்பது அவன் ஓட்டத்திலேயே எனக்குத் தெரிந்தது. காரிலிருந்து இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றும்போது முதலாளி படக்காரர்களோடு எங்கள் பக்கம் வந்தார். காம்பார் அம்மையாருக்குக் கைகொடுத்தார். பிறகு என் முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி, "என் பட்டறையில வளந்த பையன்!" என்று சொல்லிக் கையை நீட்டினார். படக்காரர்கள் கேமராவைத் தூக்கினார்கள். என் ஒரு கையில் ஹெல்மெட் இருந்தது, மறு கையில் தண்ணீர் போத்தல். இரண்டில் ஒன்றைக் கீழே வைத்திருக்கலாம். அவர் கை அங்கேயே நின்றது. நான் தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்து முடித்தேன்.