யாருடைய பெயரில் வீடு

அபூசாலி மச்சான் ஒரு மனிதனின் பல்லை உடைத்ததை நான் நேரில் பார்த்திருக்கிறேன். கல்முனைக்குடிக் கடற்கரையில் கரைவலை இழுக்கும்போது கயிற்றை நழுவவிட்டான் என்று ஓர் ஆளைத் துடுப்பால் வாயிலேயே போட்டார். மூன்று பல் மணலில் கிடந்தது. தோணிக்குத் தண்டயல் அவர். கடலில் அவர் சொன்னதுதான் சட்டம். அவரிடம் அடி வாங்காமல் வேலை செய்த ஆள் கிடையாது.

அதே மனிதர் மத்தியானம் வீட்டுக்குள் வந்தால் ஆளே வேறு. அந்த வீடு அவருடைய மனைவி, என் கூடப்பிறந்த மூத்தவள், சபியா உம்மா ராத்தாவுடையது. எங்கள் பக்கத்தில் வீட்டைப் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை வந்து அங்கே குடியேறுவார். ராத்தா சத்தம் போட்டால் மச்சான் சாரனை உதறிக்கொண்டு எழுந்து போவார், கை ஓங்கமாட்டார். இருபது வருடம் அப்படித்தான். மனிசன் வெளியில்தான் முரடு, உள்ளுக்குள் தங்கம் என்று நாங்களே அவருக்கு நற்சான்று கொடுத்துத் திரிந்தோம். அவரைத் தடுத்தது நல்ல குணமா, ராத்தாவின் கூரையா என்று யோசிக்கிற மூளை எங்களில் ஒருவருக்கும் இருக்கவில்லை.

பிறகு, சுனாமி அன்று, கடல் ஊருக்குள் வந்தது. வீடு போனது, தோணி போனது, வலை போனது, ஒரே மகனும் போனான். மூன்றாம் நாள் முள்ளுக்கம்பியில் சிக்கிக் கிடந்த பிள்ளையை மச்சான்தான் தன் கையால் பிரித்தெடுத்தார். மகள் அஸ்னா மட்டும் மிஞ்சினாள்.

இரண்டு வருடம் முகாமில் கிடந்தார்கள். கடற்கரையில் கட்டக்கூடாது என்று சொல்லி, ஊருக்கு மேற்கே வயலை நிரப்பி வீடு கட்டிக் கொடுத்தார்கள். படிவத்தோடு வந்த உத்தியோகத்தர், “குடும்பத் தலைவர் ஆர்?” என்று கேட்டார். ராத்தா வாயைத் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன்.

“மச்சான்ட பேரப் போடுங்க சேர். எல்லாத்தயும் பறிகொடுத்துட்டு நிக்கிற மனிசன், ஒரு மரியாத வேணாமா?”

சாட்சிக் கையெழுத்தும் நான்தான் வைத்தேன். பெரிய மனிதத்தனம் செய்ததாக அன்று முழுவதும் எனக்குப் பெருமை வேறு.

குடிபோன மாதமே முதல் அடி விழுந்தது. காரணம், கறியில் உப்பு. யுத்தம் என்று கடலை மறித்து வைத்திருந்தார்கள். தோணியும் இல்லை, அடிக்க ஆட்களும் இல்லை. பகல் முழுக்க வீட்டுக்குள்ளேயே இருந்தார். ராத்தாவின் இடது காது கேளாமல் போனது. பிறகு ஒரு விலா எலும்பு. நான் போய்க் கதைத்தேன்.

“இது என்ட ஊடு றஸாக். உன்ட கையெழுத்துத்தானே கிடக்கு?” என்று சிரித்தார். ஹஜ்ஜுப் பெருநாளில் மாடு அறுக்கிற இடத்தில்கூட நிற்கமாட்டாத ஆள் நான். திரும்பி வந்தேன்.

யுத்தம் முடிந்த அன்று தெருவெல்லாம் பட்டாசு. அன்றுதான் பாலமுனையிலிருந்து அஸ்னாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை ஸஜாத்தின் உம்மா வழமைப்படி கேட்டார். “ஊடு புள்ளைக்குத்தானே?”

“ஊடு எனக்கு. புள்ளய மட்டும் கொண்டு போங்க,” என்றார் மச்சான்.

அவர்கள் தேத்தண்ணியை வைத்துவிட்டு எழுந்து போனார்கள். வழியனுப்ப நான் முற்றத்துக்கு இறங்கினேன். அஸ்னா அறையிலிருந்து வந்தாள்.

“இது உம்மாட ஊடு வாப்பா. உம்மாட ஊட்டக் கடல் கொண்டு போனதுக்குத்தான் இதத் தந்த.”

அவளுடைய முடியைப் பிடித்துத் தலையைக் கதவு நிலையில் மோதினார். இரத்தம் சுவரில் தெறித்தது. குறுக்கே விழுந்த ராத்தாவை வயிற்றில் உதைத்தார். முற்றத்தில் குழி தோண்டுகிற இரும்பு அலவாங்கு சாத்திக் கிடந்தது. எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

முதல் அடி மச்சானின் வலது முழங்கையில். எலும்பு முறிந்த சத்தம் பட்டாசுக்குள்ளும் கேட்டது. விழுந்த பிறகும் அடித்தேன். முழங்கால், கணுக்கால், மறுபடியும் அந்தக் கை. “போதும் மாமா!” என்று அஸ்னா கத்தினாள். நான் நிறுத்தவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது.

ஆஸ்பத்திரியில், மச்சான் கூரையிலிருந்து விழுந்ததாக ராத்தாவும் அஸ்னாவும் சொன்னார்கள். அடுத்த மாதம் நொத்தாரிசுக்கு முன்னால், கையில் கட்டோடு, வீட்டை அஸ்னாவுக்கு எழுதிக் கொடுத்தார். பாலமுனைக்காரர்கள் திரும்பி வந்தார்கள், கலியாணமும் நடந்தது. இப்போது மச்சான் மகளுடைய வீட்டின் ஒரு மூலையில் இருந்து, தேத்தண்ணிகூட மெதுவாகத்தான் கேட்கிறார். வயது போய் மனிசன் பதப்பட்டுவிட்டார் என்கிறார்கள். வயதாம், மண்ணாங்கட்டி!

அலவாங்கைப் போட்டுவிட்டு அன்று நான் வீட்டுக்குப் போனபோது சட்டையெல்லாம் இரத்தம். என் மனைவி சின்னவனைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றிலிருந்து என் குரல் கொஞ்சம் உயர்ந்தாலே தலையைக் குனிந்துகொள்கிறாள். சோறு சூடாக வருகிறது. எதிர்ப்பேச்சு இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அது எனக்கு வசதியாகவும் இருக்கிறது. எங்களுக்கும் அதே திட்டத்தில்தான் வீடு கிடைத்தது, என்னுடைய பெயரில். அதை அவளுக்கு எழுதிவிட வேண்டும் என்று இரண்டு வருடமாக நினைக்கிறேன். இன்னும் எழுதவில்லை.